ராகமையா, சென்னையா, பேராதனையா? பேச்சும் கேட்டலும் படிக்க நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமைக்குள் நான்கு பிள்ளைகள் ஒரே கேள்வியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அப்பாவோடு வந்த மாணவி, பல்கலைக்கழகக் கையேட்டில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பின் பக்கத்தை மடித்தே வைத்திருந்தாள். "டீச்சர், இத எடுத்தா ராகமைக்குப் போகணும். மாமா சென்னையில படிக்கலாம்னு சொல்றாரு. அம்மா பேராதனையில ஏதாவது கெடச்சா போதும்ங்கிறாங்க." அப்பாவுக்கு வேறு சந்தேகம். "இது டாக்டர் படிப்பா டீச்சர்?"

டாக்டர் படிப்பு இல்லை. ஆனால் வைத்தியசாலைக்குள் டாக்டரால் செய்ய முடியாத ஒரு வேலைக்கான படிப்பு. பேசத் தாமதமாகும் பிள்ளை, திக்கிப் பேசும் பையன், பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தை, பாரிசவாதம் வந்து சொல் மறந்துபோன தாத்தா, விழுங்க முடியாமல் புரையேறும் நோயாளி என இவர்கள் எல்லோரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் போக வேண்டியவர்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, கேட்கும் கருவியைப் பொருத்தி, அதைச் சரிசெய்து பழக்குகிறவர் கேட்டலியலாளர். பேச்சு, கேட்டல் விஞ்ஞானம் என்ற பட்டப்படிப்பு இந்த இரண்டு தொழில்களுக்குமான வாசல்.

மலையகத்தில் இதற்கான தேவையை நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. வெற்றிலையும் புகையிலையும் சேர்த்து மென்று வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் நம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் பேசவும் விழுங்கவும் திரும்பப் பழக்க ஆள் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இருபது வருடம் நின்றவரின் காது என்ன ஆகும்? அடுப்புப் புகை நிறைந்த காம்பராவில் ஐந்தாறு பேர் ஒன்றாகப் படுக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சளியும் காது வடிதலும் மாறி மாறி வருகின்றன. "காது வடியுது, தானா நின்னுடும்" என்று விட்டுவிடுகிறோம்.

எனக்கு இந்தத் துறைமேல் அக்கறை வந்தது என் அண்ணன் மகளால். இரண்டு வயதிலும் அவள் பேசவில்லை. காட்டிய இடத்தில், "சில பிள்ளைங்க பிந்தித்தான் பேசும், பொறுங்க" என்றார்கள். பொறுத்தோம். நான்கு வயதில் கண்டியில் பரிசோதித்தபோது இரண்டு காதிலும் கடுமையான கேட்டல் குறைபாடு என்று தெரிந்தது. பிறந்து 1 மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்ய வேண்டும், 6 மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்பது உலகளவில் ஏற்றுக்கொண்ட கால அளவு. நாங்கள் 6 மாதத்தில் நடந்திருக்க வேண்டியதை 4 வருடத்தில் தொடங்கினோம்.

கருவி போட்ட பிறகு கிடைத்த சிகிச்சையாளர் அன்பானவர், பொறுமையானவர். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சுச் சிங்களத்தில் ல, ள இரண்டும் ஒரே ஒலியாகத்தான் வரும். ழ அந்த மொழியிலேயே இல்லை. பிள்ளை 'பள்ளம்' என்றாளா 'பல்லம்' என்றாளா என்று அவரால் பிரித்துக் கேட்க முடியவில்லை. இன்னொரு பக்கம், 'வாளப்பளம்' என்று அவள் சொன்னபோது, எழுத்தைப் பார்த்து அதைப் பிழை என்று குறித்தார். நம் லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம்! அது வட்டார வழக்கு, குறைபாடு இல்லை. இதைச் சொல்ல அந்த அறையில் அண்ணியைத் தவிர ஆள் இல்லை. அண்ணிக்கோ அரைகுறைச் சிங்களம்.

அதனால்தான் இந்தப் படிப்பை ஒப்பிடும்போது நான் எடைபோடும் வரிசை, கையேடு சொல்லும் வரிசையிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கும்.

முதலில் எதை அளப்பது

நுழைவு: உங்கள் பாடங்களுக்கும் இசட் புள்ளிக்கும் அங்கே கதவு திறக்குமா?

பணம்: கட்டணம் மட்டும் போதாது. விடுதி, பயணம், வீட்டுக்கு அனுப்ப முடியாமல் போகும் சம்பளம் எல்லாம் சேர்த்து.

கிளினிக் மொழி: நோயாளியோடு உட்கார்ந்து பழகும் மணித்தியாலங்கள் எந்த மொழியில் நடக்கும்? இந்தப் படிப்பில் விரிவுரையை விட இதுதான் உங்களை உருவாக்கும்.

பதிவு: முடித்து வந்தபின் இலங்கையில் அந்தப் பெயரோடு வேலை செய்யச் சட்டப்படி முடியுமா?

கடைசியாக, அந்தப் படிப்பு உங்களை மலைக்குத் திருப்பி அனுப்புமா, இல்லை வேறெங்காவது கொண்டுபோய் விடுமா?

ராகமை: களனிப் பல்கலைக்கழகம்

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. அங்குள்ள இயலாமைக் கற்கைகள் துறைதான் இந்த நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை நடத்துகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மஹாபொல புலமைப்பரிசிலோ வேறு உதவித்தொகையோ கிடைக்கும். பெற்றோர் தோட்டத் தொழிலாளர் என்றால் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்துக்கும் விண்ணப்பியுங்கள். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

நுழைவுதான் இங்கே பெரிய மலை. உயர்தர உயிரியல் பிரிவில் தோற்றியிருக்க வேண்டும். நம் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப் பங்கின்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. கண்டி இல்லை. ஆனால் இந்தப் பாடநெறிக்கு மொத்தமாக எடுப்பதே ஒரு வகுப்பறைக்குள் அடங்கும் அளவுதான். அதில் ஒரு மாவட்டத்தின் பங்கு ஒன்றோ இரண்டோதான் கணக்கில் வரும். அதனால் வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். போன வருடப் புள்ளியைப் பார்த்து 'எனக்குக் கிடைக்காது' என்று பெயரை எழுதாமல் விடாதீர்கள். 'கண்டிப்பாகக் கிடைக்கும்' என்றும் இருந்துவிடாதீர்கள்.

மாவட்டக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலையை வைத்துத்தான் உங்கள் மாவட்டம் முடிவாகிறது. நல்ல டியூஷன் என்று பிள்ளையைக் கண்டிப் பாடசாலைக்கு மாற்றும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டே மாற்ற வேண்டும். நுவரெலியா மாவட்டச் சலுகையை அங்கே விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

படிப்பு ஆங்கிலத்தில். உடற்கூறும் உடற்றொழிலும் மூளை நரம்புகளும் மட்டுமில்லை. ஒலியின் பௌதிகம், மொழியியல், உளவியல், சர்வதேச ஒலியெழுத்து எல்லாம் வரும். உயிரியல் நன்றாகச் செய்த பிள்ளைகள் மொழியியலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வழியில் பேச்சு மொழிச் சிகிச்சை, கேட்டலியல் என்று கிளை பிரியும். மனிதர்களோடு நீண்ட நேரம் உட்காரப் பிடிக்குமா, கருவியும் அளவையும் பிடிக்குமா என்பதை அதற்குள் அறிந்துகொள்ள வேண்டும்.

கிளினிக் மொழிக்கு வருவோம். ராகமைப் பக்க வைத்தியசாலைகளில் உங்களிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுவார்கள். பக்கத்திலேயே உள்ள அயதி தேசிய நிலையத்தில் இயலாமையுள்ள பிள்ளைகளுக்குப் பல துறையினரும் ஒரே கூரையின் கீழ் சேவை செய்கிறார்கள். கற்க அருமையான சூழல். ஆனால் தமிழ்ப் பிள்ளையோடு வேலை செய்யும் வாய்ப்பை நீங்களாகத் தேட வேண்டிவரும். இது பெரிய மறைமுகச் செலவு. அதே நேரம் இதில் ஒரு வரவும் உண்டு. நான்கு வருடத்தில் சிங்களத்தில் நோயாளியோடு பேசும் துணிவு வந்துவிடும். நுவரெலியா, பதுளை, கண்டி வைத்தியசாலைகளில் வரிசையில் இரண்டு மொழிக்காரரும் நிற்பார்கள். இரண்டிலும் வேலை செய்யத் தெரிந்தவர் மிகக் குறைவு.

பதிவில் சிக்கல் மிகக் குறைந்த வழி இது. நாட்டின் சொந்தப் பட்டம், இலங்கை மருத்துவ சபை அறிந்த பட்டம், சுகாதார அமைச்சு ஆள் எடுக்கும் வழியும் இதுதான்.

பயணத்தையும் சொல்ல வேண்டும். பதுளையிலிருந்து வரும் பிரதான ரயில் பாதை ராகமை வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது. ஹட்டனிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுப் பொதியோடு ஏறினால் ஒரே பாதையில் போய்ச் சேரலாம். வீட்டை விட்டு முதன்முறை போகும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்தியா: சென்னை, வேலூர், மைசூரு

இந்தியாவில் இந்தப் பட்டத்துக்குப் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டலியல், பேச்சு மொழி நோயியல் இளமாணி). மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடக் கட்டாயப் பயிற்சி, மொத்தம் நான்கு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இதை ஒழுங்குபடுத்துகிறது. பேச்சு, கேட்டல் இரண்டும் ஒரே பட்டத்துக்குள் வருகின்றன. மைசூருவில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இந்தத் துறையில் மூத்தது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவும், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நடத்துகின்றன.

நுழைவில் இங்கே ஒரு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது. பௌதிகவியலும் இரசாயனவியலும் இருந்தால் மூன்றாம் பாடம் உயிரியலாகவோ கணிதமாகவோ இருக்கலாம் என்பது அந்தக் கவுன்சிலின் விதி. ஆகவே கணிதப் பிரிவில் படித்து, ராகமைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு இது மெய்யான வழி. எந்தக் கல்லூரியும் தன் சொந்த நிபந்தனையைச் சேர்த்திருக்கலாம். எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கிளினிக் மொழியில் சென்னையும் வேலூரும் ராகமையை வெல்கின்றன என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அங்கே நோயாளி தமிழில் பேசுவார். பிள்ளையின் உச்சரிப்பைத் தமிழில் கேட்டு, தமிழில் குறித்து, தமிழில் பயிற்சி கொடுக்கப் பழகலாம். மைசூரு பெயர் பெற்ற இடம், ஆனால் சுற்றிலும் கன்னடம். பெயரைப் பார்த்து மைசூருவுக்குப் போய், தமிழ்ப் பயிற்சி கிடைக்குமென்று நினைத்துவிட வேண்டாம். சென்னைத் தமிழும் நம் தமிழும் ஒன்றில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே செய்த படக்காட்டி அட்டையில் ஆட்டோவும் மெட்ரோவும் இருக்கும். நம் பிள்ளைக்குக் கொழுந்துக் கூடையும் பிள்ளை மடுவமும் இஸ்தோப்பும்தான் முதலில் தெரியும். அட்டையைத் திரும்ப வரையும் வேலை உங்களுடையது.

இனி பணம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர் மாணவர் கட்டுவதிலிருந்து வேறு. பல இடத்தில் டொலரில் கேட்பார்கள். இணையத்தில் பார்த்த தொகை இந்திய மாணவருக்கானதாக இருக்கலாம். நான்காம் வருடப் பயிற்சிக்கும் கட்டணம் உண்டா, அல்லது ஊக்கத்தொகை தருவார்களா என்று தனியாகக் கேளுங்கள். வீசா, பதிவு, விடுதி, வருடத்துக்கு ஒரு தடவையாவது விமானச் சீட்டு. எல்லாவற்றுக்கும் மேல் நாணய மாற்று. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனது. அந்த வருடம் வெளிநாட்டில் பாதிப் படிப்பில் பிள்ளை இருந்த குடும்பங்கள் எப்படித் தவித்தன என்று நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கி அனுப்புவதாக இருந்தால் இந்த ஒரு வருடத்தை மனதில் வைத்தே கணக்குப் போடுங்கள்.

"இந்திய அரசாங்கப் புலமைப்பரிசில் இருக்கே டீச்சர்" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் இளமாணிப் படிப்புக்கான நேரு நினைவுப் புலமைப்பரிசிலில் மருத்துவமும் துணை மருத்துவப் படிப்புகளும் வழமையாகச் சேர்வதில்லை. இந்தப் பட்டம் அந்த வேலிக்கு வெளியேதான் விழும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஒவ்வொரு வருட அறிவித்தலையும் வரி வரியாக வாசியுங்கள். புலமைப்பரிசிலை நம்பி ராகமையை விட்டுவிட்டு, கடைசியில் இரண்டும் இல்லாமல் போனால் அந்த இழப்பை யாரும் ஈடுசெய்ய மாட்டார்கள்.

பதிவு: போகும் முன்பே, இந்தக் கல்லூரியின் இந்தப் பட்டத்தோடு வந்தால் இலங்கையில் பதிவுசெய்ய என்ன வேண்டும் என்று இலங்கை மருத்துவ சபைக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்பதையும் அப்படியே. முகவர் சொல்லும் 'எல்லாம் சரிவரும்' என்ற வாய்ச்சொல் போதாது.

பேராதனை: பக்கத்துத் துறைகள்

பேராதனையில் பேச்சு, கேட்டல் பட்டம் இல்லை. அங்கே இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி), தாதியியல், மருத்துவ ஆய்வுகூடம், கதிர்ப்படவியல், மருந்தாக்கவியல் ஆகியவை உண்டு. நுவரெலியா, கண்டி மாவட்டப் பிள்ளைகளுக்கு வீடு கிட்ட. கிழமை முடிவில் வந்து போகலாம். அம்மாவின் ஆசை எனக்குப் புரியாமலில்லை.

பிள்ளைக்கு 'சுகாதாரத் துறையில் ஒரு நல்ல பட்டம்' வேண்டும் என்பதுதான் உள்ளெண்ணம் என்றால் பேராதனை நல்ல தெரிவு. குறிப்பாக இயன்மருத்துவம்: பாரிசவாத நோயாளியோடும் பிள்ளைகளோடும் வேலை, மலையகத்தில் தேவையும் உண்டு. ஆனால் 'பேச்சு' என்ற சொல்தான் பிள்ளையின் கண்ணை மலரச் செய்கிறது என்றால், தூரத்துக்காக மட்டும் பேராதனையை முதலில் எழுதாதீர்கள். விண்ணப்பத்தில் தெரிவு ஒழுங்கு மிக முக்கியம். புள்ளி எட்டுவதில் மேலே எழுதியதுதான் கையில் வரும்.

விசேட கல்வி: கலைப் பிரிவுக்கும், சீக்கிரம் உழைக்க வேண்டியவருக்கும்

கலைப் பிரிவில் படித்தவர்களுக்கு மேலே சொன்ன கதவுகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். அவர்களுக்கு ஆசிரியத் தொழில் வழியாக ஒரு பாதை இருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்பது அந்தந்த வருட வர்த்தமானியில் வரும். திறந்த பல்கலைக்கழகம் விசேட தேவைக் கல்வியில் பட்டம் நடத்துகிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

கேட்டல் குறையுள்ள பிள்ளையோடு தினமும் ஐந்து மணித்தியாலம் இருப்பவர் வகுப்பாசிரியர். சிகிச்சையாளர் மாதத்தில் ஒரு தடவை பார்ப்பார். ஆகவே இதை இரண்டாந்தரம் என்று நினைக்க எனக்கு மனம் வராது. எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும்: ஆசிரியர் குறையைச் சந்தேகிக்கலாம், அனுப்பி வைக்கலாம், பயிற்சியைத் தொடரலாம். அளந்து முடிவு சொல்வது அவர் வேலை இல்லை.

ஆறு மாதச் சான்றிதழ்கள்

பேச்சுப் பயிற்சியாளராகலாம் என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலப் பாடநெறிகள் வருகின்றன. முன்பள்ளி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அறிவைக் கூட்டலாம். அதோடு சரி. அதை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டி, காசு வாங்கி, நோயாளியைப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தீங்கு. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்து, கேட்காத பிள்ளைக்கு நாக்குப் பயிற்சி கொடுத்து ஏழு மாதத்தைத் தின்றார்.

அந்த நான்கு பேருக்கும் நான் சொன்னது

உயிரியல் பிரிவில் நுவரெலியா மாவட்டத்தில் நல்ல புள்ளி எடுத்த பொகவந்தலாவைப் பிள்ளைக்கு: ராகமை முதல், பேராதனை இயன்மருத்துவம் இரண்டாவது. பௌதிகம், இரசாயனம், கணிதம் செய்த பையனுக்கு, கனடாவிலுள்ள அத்தை நான்கு வருடச் செலவை ஏற்பதாக எழுதித் தந்திருப்பதால், சென்னையை விசாரிக்கச் சொன்னேன். ஆனால் மருத்துவ சபையின் பதில் கையில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். அப்பா இல்லாத, தம்பி தங்கை இருவர் படிக்கும் கலைப் பிரிவு மாணவிக்குப் பத்தனை. நான்காவது பிள்ளைக்கு இந்தப் படிப்பில் ஆசையே இல்லை, அம்மாவுக்குத்தான் ஆசை. அவனைத் தாவரவியலுக்குப் போக விட்டுவிடுங்கள் என்றேன்.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன். விண்ணப்பத்தை நிரப்பும் முன், பேசவோ கேட்கவோ சிரமப்படும் ஒரு பிள்ளையோடு ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொகவந்தலாவைப் பிள்ளை போன சனிக்கிழமை என் அண்ணன் மகளோடு உட்கார்ந்தாள். படம் காட்டிப் பெயர் சொல்ல வைத்து, கேட்டதை அப்படியே கொப்பியில் எழுதினாள். பஸ்ஸைப் 'பத்' என்றாள் சின்னவள், சக்கரத்தைத் 'தக்கரம்' என்றாள். 'மாமா'வும் 'மரம்'உம் சுத்தமாக வந்தன. போகும்போது கொப்பியை என்னிடம் நீட்டி, "டீச்சர், ம சரியா வருது, ஸ மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள். ஸ என்ற ஒலியின் வலு உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது, இவளுடைய காது அந்தப் பக்கத்தில்தான் அதிகம் இழந்திருக்கிறது, தனக்குக் கேட்காத ஒலியை அவளால் எப்படிச் சொல்ல முடியும் என்றேன். அவள் அதையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அவள் அப்பா வாசலில் நின்று ராகமையில் ஹட்டன் ரயில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.